மண்ணெண்ணெய்ச் சத்தம்

ஜூன் 3

மேலிடத்துக்கு,

நலம். நீ பார்த்துக்கொள்ளப் போன உன் தங்கை முழங்கால் தேறி மாடிப்படியே ஏறுகிறாளாம், நம் பெண் சொன்னாள். சந்தோஷம். போனில் நாம் "சாப்டாச்சா, ஆச்சு" என்பதோடு வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

பரணிலிருந்து என் கேம்ப் அடுப்பை இறக்கினேன். சர்வே வேலையில் காடு மேடெல்லாம் என்னோடு அலைந்த பித்தளை அடுப்பு. பம்ப்பின் தோல் வாஷர் சருகாகக் காய்ந்திருந்தது. எண்ணெயில் ஊறப்போட்டதும் காற்றுப் பிடித்துவிட்டது. எதை ஊற்றினாலும் எரியும் என்று அந்தக் காலத்தில் பீற்றிக்கொள்வேனே, இப்போது ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்க்கிறேன். முதலில் ஸ்பிரிட். சாதுவாக எரிகிறது. தண்ணீர் கொதிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

டீ வடிகட்டி எங்கே இருக்கிறது?

இப்படிக்கு,
கேம்ப்காரர்


ஜூன் 11

கேம்ப்காரருக்கு,

வடிகட்டி உங்கள் மூக்குக்கு நேரே ஆணியில் தொங்குகிறது. தேடுகிறவருக்குத்தானே கண்ணில் படும்.

தங்கை நன்றாக நடக்கிறாள். சாயங்காலம் இரண்டு பேரும் கால் போன போக்கில் நடக்கிறோம், வாய் ஓய்வதில்லை. இத்தனை பேச்சு எனக்குள் இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம்.

அடுப்பை வீட்டுக்குள் வைத்துப் பற்றவைக்காதீர்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்.

இப்படிக்கு,
மேலிடம்


ஜூன் 20

மேலிடத்துக்கு,

பெட்ரோலையும் ஊற்றிப் பார்த்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் வைத்துத்தான். குப்பென்று ஆளுயரம் எழும்பி, ஒரு பக்கத்துப் புருவத்தைக் கொண்டுபோய்விட்டது. பக்கத்து வீட்டு கண்டக்டர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், உயிரோடதான் இருக்கீங்களா?" என்றார். டீசலுக்கு ஒரே புகை, அவர் கொடியில் காயப்போட்ட சட்டையெல்லாம் கரி. இப்போது என்னோடு பேசுவதில்லை.

கடைசியில் மண்ணெண்ணெய்தான் ஜெயித்தது. சூட்டில் இல்லை, சத்தத்தில். பர்னரை முதலில் நன்றாகச் சூடேற்றிவிட்டால் ஹோவென்று இரைகிறது. இப்போதெல்லாம் பாத்திரம் வைக்காமலே பற்றவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எண்ணெய்க்குப் பிடித்த கேடுதான். ஆனால் அணைத்ததும் வீடு ஒரேயடியாக அடங்கிப்போகிறது, எனக்கு அது தாங்கவில்லை.

தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் கேம்ப்பில் தனியாக இருந்தபோது, வீட்டில் நீ இருந்தாய்.

இப்படிக்கு,
கேம்ப்காரர்


ஜூலை 2

கேம்ப்காரருக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். புருவக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பாத்திரம் வைக்காத அடுப்பு வந்ததும் தாளை மடித்துவிட்டேன், மீதியை அவளுக்கு வாசிக்கவில்லை.

நீங்கள் மாதக்கணக்கில் கேம்ப் போன நாட்களில், பெண்ணைத் தூங்கவைத்துவிட்டு, துணியும் நூலும் இல்லாமல் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும் என்று. நீங்கள் திரும்பி வந்ததும், "இத்தனை நாளா என்ன தைச்சே?" என்று கேட்பீர்கள். "ஒண்ணுமில்லே" என்பேன். நான் பொய் சொல்லவில்லை.

இது கோபத்தில் எழுதுவது அல்ல. கோபமெல்லாம் எப்போதோ ஆறிப்போயிற்று. அங்கே வந்தால் மறுபடி அந்த "சாப்டாச்சா, ஆச்சு"தான். அதற்கு எனக்குத் தெம்பில்லை. நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

மேலிடம்


ஜூலை 9

மேலிடத்துக்கு,

நான்கு தாள் கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. நான் அங்கே வரட்டுமா? நீங்கள் இரண்டு பேரும் நடக்கும்போது பின்னால் வருகிறேன். எனக்குப் பேசத் தெரியாது, கேட்டுக்கொண்டாவது வருவேன்.

நீ சரியென்றால் அடுத்த நாளே கிளம்புவேன்.

கேம்ப்காரர்


ஜூலை 17

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தங்கையிடம்கூடக் காட்டவில்லை.

இப்போது வர வேண்டாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் மனம்விட்டுப் பேசியது இந்த ஒன்றிரண்டு கடிதங்களில்தான். நேரில் பார்த்தால் இரண்டு பேரும் மறுபடி வாயை மூடிக்கொண்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

எழுதுங்கள். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும்.

மேலிடம்