குப்பைக்குப் போன மெயில்கள்

அன்புள்ள அப்பாவுக்கு மகளின் வணக்கம்.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இருமலைத் தவிர ஒரு குறையுமில்லை.

ஆபீஸில் ஒரு கூத்து. வேலையை விட்டு நிறுத்திய டிரைவர்கள் அனுப்பும் மெயில் எதுவும் முதலாளி கண்ணில் படாமல் குப்பைக்குப் போகிற மாதிரி, மெயில் சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதச் சொன்னார் மேனேஜர். எழுதினேன். ஓட்டிப் பார்க்கக் கம்பைல் செய்தால் பிழை, பிழை என்றது கம்ப்யூட்டர். என்னைவிட அதற்கு மனசாட்சி அதிகம் போல. கடைசியில் அதுவும் வழிக்கு வந்தது.

மறுநாள் ஆபீஸ் வாசலில் அந்த டிரைவர்களில் ஒரு அண்ணன், "மெயில் போட்டேம்மா, முதலாளி படிச்சாரா?" என்று கேட்டார். "பாக்கறேன்ணே" என்று சொல்லிவிட்டு மேலே போய், அவர்கள் மெயிலைக் குப்பைக்குத் தள்ளும் வரியை ஸ்கிரிப்டிலிருந்து நீக்கித் திரும்பக் கம்பைல் செய்தேன்.

பயப்படாதீர்கள், மேனேஜர் திட்டவில்லை. "இதுக்கெல்லாம் ஸ்கிரிப்ட் எதுக்கும்மா?" என்று சிரித்தார். இப்போது முதலாளியின் மெயிலைத் திறந்து, டீ குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே அழிக்கிறார். நான் பின்வாசல் வழியாகப் போய் வருகிறேன்.

யாராவது இங்கே வந்தால் அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் வைத்துவிடாதீர்கள்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்