பூட்ஸோடு சொன்ன உண்மை

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, நம் பூச்சோங் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் கற்பூர வாசனை. மூலையில் இருக்கும் முனீஸ்வரருக்கு யாரோ தீபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். உடனே உன் நினைவுதான் வந்தது. நண்பா, நாம் சேர்ந்து இருந்த வீட்டை விட்டு நீ போய் இரண்டு வருடமாகிறது.

அப்போது முனீஸ்வரர் படிக்கட்டுக்கு அடியில், மீட்டர் பெட்டியை ஒட்டி இருந்தார். வயரிங் வேலை செய்பவன் நான். எரியும் விளக்குக்கு மேலே தோல் உரிந்த வயர் தொங்கினால் சும்மா விட முடியுமா? ஐந்து மாடிக்கும் அந்த ஒரே படிக்கட்டு. வேலை முடிந்து வந்த கையோடு எல்லோரையும் அங்கேயே கூட்டி, கருகிய வயர்த் துண்டைக் காட்டி, சாமியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினேன். நான் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. "சாமிய தூக்கச் சொல்றாரு" என்று மூன்றாம் மாடி ஆன்டி எழுந்து போனார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

நான் கொதித்தேன். நீ தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "நீ சொன்னது கரெக்ட் லா. ஆனா பூட்ஸோட சாமி முன்னாடி நின்னு சொன்ன. அவங்க வயர பாக்கல, உன் கால பாத்தாங்க."

பூட்ஸுக்கும் கரண்டுக்கும் என்னடா சம்பந்தம் என்று கத்தினேன். நீ டீயை என் பக்கம் நகர்த்தினாய்.

அந்த வெள்ளிக்கிழமை, லோரி ஓட்டிக் களைத்து வந்தவன், குளித்துவிட்டு வாளியோடு சாமியிடம் போய், சுவரில் படிந்த விளக்குக் கரியைத் தேய்த்தாய். மூன்று வெள்ளிக்கிழமை இப்படியே; வயர்ப் பேச்சே இல்லை. நான்காவது வெள்ளியன்று அந்த ஆன்டியிடம் கேட்டாய்: "ஆன்டி, நாம எல்லாரும் இவரு தலைக்கு மேலதானே ஏறி இறங்குறோம். நல்லாவா இருக்கு?"

ஆன்டி நிமிர்ந்து படிக்கட்டைப் பார்த்தார். அந்த மாதமே முனீஸ்வரர் வெளியே காற்றோட்டமான மூலைக்கு வந்துவிட்டார். முதல் தேங்காயை உடைத்தவரும் அந்த ஆன்டிதான்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு வயிற்றெரிச்சல்தான். என் காரணத்தை ஒருவரும் கேட்கவில்லையே! உன்னிடம் அதைச் சொன்னதில்லை.

இப்போது அதே படிக்கட்டின் அடியில் இரண்டாம் மாடிக்காரர் மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடுகிறார். வயரைத் தொட்டுப் பார்த்தேன், சுடுகிறது. நேற்று வாசலில் நின்றே எடுத்துச் சொன்னேன். "வேற எங்கண்ணே போடுறது?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை என்பது இன்று கற்பூரம் மணத்தபோதுதான் உறைத்தது.

சாயங்காலம் மறுபடி போகிறேன். சாத்தினால் நாளைக்கும் போவேன். அவர் வண்டிக்கு வெளியே ஒரு பிளக் பாயின்ட் எங்கே போடலாம் என்று முதலில் அவரையே கேட்பேன். நான் சொல்வது சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமே இல்லை. அதனால்தான் பூட்ஸை வாசலிலேயே கழற்றப்போகிறேன்.