அப்பா பார்த்த தொடர்

கண்ணு,

போன வாரம் புதுப்படம் ஒன்று பார்த்தேன். வேறு சாதியில் கல்யாணம் செய்த மகளை, பேரனைக் கண்டதும் அப்பா மன்னித்துவிடுகிறார். சுத்த ஏமாற்று. ஜேடர்பாளையம் அணையில் எடுத்த பாட்டு மட்டும் அழகு.

அப்படிப்பட்ட பெண்களைப் பற்றிய ஆவணத் தொடர் எவ்வளவோ மேல். பின்னணி இசைதான் அதிகம். ஒரு பாட்டுக்குக்கூட உட்காராத உன் அப்பா, எல்லாப் பாகத்தையும் எழுந்திருக்காமல் பார்த்தார். அதில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லித்தான் பெண்ணை ஊருக்கு வரவழைக்கிறார்கள்.

நேற்று என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். அதனால்தான் கடிதம்.

"ஒனக்கு ஒடம்பு முடியலைன்னா புள்ள வந்துருவாளல்ல? மாப்பிள்ளையையும் கூட்டியாரச் சொல்லு," என்றார். மாப்பிள்ளை என்று அவர் சொன்னது இதுதான் முதல்முறை.

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, சாமி. செத்துப்போனேன் என்று சொன்னாலும் வந்துவிடாதே.

உன் அம்மா