ஆறாம் மாதப் படிவம்

இன்று காலை அரையாண்டு அறிக்கையைத் தட்டச்சு செய்து எடுத்தபோது, விரலெல்லாம் கார்பன் தாளின் நீலம். மூன்று பிரதி கேட்கிறார்கள். அந்த மெழுகு வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. துக்கம் கேட்க வந்தபோது உங்கள் மனைவியிடம் சொல்ல நினைத்து, சொல்ல வாய் வராமல் பஸ் ஏறிவிட்டேன். உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

எண்பத்தைந்து வாக்கில் நாமக்கல்லில் எங்கள் குடிநோய் சிகிச்சை மையத்துக்கு அரசு மானியம் வரத் தொடங்கியது. கூடவே படிவங்களும் வந்தன. சேரும்போது ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. ஆறாம் மாதம் ஆளை நேரில் பார்த்து, குடிக்கிறாரா இல்லையா என்று கேட்டு எழுத வேண்டும். அது என் வேலை. நீங்கள் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். சிகிச்சை முடிந்து கிளம்பும்போது, "இனி தொட்டேன்னா ஏன்னு கேளுங்க அம்மிணி" என்று சிரித்துவிட்டுப் போனீர்கள்.

உங்கள் ஆறாம் மாதம் வந்தபோது என் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. அறிக்கை போக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. மற்ற ஊர்களுக்கெல்லாம் எப்படியோ போய்விட்டேன். உங்கள் ஊர் மட்டும் பாக்கி. நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்து, 'குடிக்கவில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். படிவக் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் உங்கள் பெயரில் விரலை வைத்தார். "இவரை நாளைக்குப் பார்க்கணும். ஊர் பக்கம்தானே? ஜீப்லயே போயிடலாம்." "ஊரில் இருக்காரான்னு பார்த்துட்டு வந்துடறேன் சார்" என்று அப்போதே பஸ் ஏறினேன்.

தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தீர்கள். பத்தடி தூரத்திலேயே வாடை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்தீர்கள். பொத்தான் துளைக்குள் போகவே இல்லை. "ரெண்டு மாசமாச்சுங்க அம்மிணி, மறுபடியும் தொட்டு." நான் தண்ணீர்த் தொட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வராமலேயே எழுதியதை, அதிகாரி வந்திருப்பதை, பொய்ப் படிவம் என்று தெரிந்தால் மானியம் நின்றுபோகும் என்பதை.

நீங்கள் கேட்டது ஒன்றுதான். "ஜீப்பு இங்க ஊட்டுக்கு வருமுங்களா? வெள்ளிக்கிழமை புள்ளையப் பொண்ணு பாக்க வர்றாங்க."

ஜீப் வந்து நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. உங்களைச் சேர்க்கும்போது, விஷயம் வெளியே போகாது என்று நான்தான் உறுதி சொல்லியிருந்தேன்.

"நானே காலைல அங்க வாரேனுங்க" என்றீர்கள்.

மறுநாள் ஏழு மணி பஸ்ஸில் நீங்கள் இல்லை. எட்டு மணி பஸ்ஸிலும் இல்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டிரைவரைக் கூப்பிட்டார். ஜீப் உங்கள் வாசலில் நிற்பதும் அக்கம்பக்கம் கூடுவதும் என் கண்முன் ஓடின. அவர் செருப்பை மாட்டும்போது, தலைக்குக் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நீங்கள் படியேறினீர்கள்.

"கடைசியா எப்பக் குடிச்சீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"நேத்துங்க சார்."

அவர் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "ஆறாம் மாசம் குடிக்கலைன்னு இருக்கே?"

"அம்மிணி ஊட்டுக்கு வந்து கேட்டாங்க. நாந்தானுங்க பொய் சொல்லிட்டேன். வெக்கமா இருந்துச்சு."

அதிகாரி என்னைப் பார்த்தார். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் சிவப்பு மையில் என் டிக்கைக் கோடிட்டு அடித்துவிட்டு, இனி வீட்டில் உள்ளவர்களையும் தனியாக விசாரிக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதினார். மானியம் நிற்கவில்லை.

நீங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. "பெட்டு காலியா இருந்தா இன்னைக்கே சேத்துக்குங்க" என்றீர்கள். பெண் பார்க்க வருகிறார்களே என்றேன். "குடிச்சுப்போட்டு முன்னால நிக்கறதுக்கு, நான் இல்லாம இருக்கறதே மேலுங்க." அப்பா ஆந்திராவில் ரிக்கில் இருக்கிறார் என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தார்கள். இடம் முடிந்துவிட்டது.

நான்காம் நாள், கஞ்சித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "எனக்காக ஏன் பொய் சொன்னீங்க அண்ணா?" என்று கேட்டேன்.

"அது கெடக்குதுங்க. ஆனா அம்மிணி, அந்த ஆறாம் மாசம் நீங்க வந்திருந்தா நெசத்தையே சொல்லியிருப்பேனுங்க. தொட்டு நாலு நாளுதான் ஆயிருந்துச்சு. யாராச்சும் வந்து கேக்க மாட்டாங்களான்னு பாத்துட்டே இருந்தேன்."

குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த இரண்டு மாதத்தை நான் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்கப்புறம் நீங்கள் தொடவே இல்லை. மகள் கல்யாணத்தில் சந்தனம் பூசிக்கொண்டு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றீர்கள். ஒவ்வோர் ஆண்டும் நான் வந்து கேட்பேன். "பக்கத்துல வந்து ஊதிக் காட்டட்டுங்களா?" என்று சிரிப்பீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோனது மாரடைப்பு. உங்கள் மனைவி அழுகைக்கு நடுவிலும் என் கையைப் பிடித்து, "சுத்தமாத்தான் போனாருங்க" என்றார். அந்த நேரத்தில் என் பொய்யை அவரிடம் எப்படிச் சொல்வேன்? இப்போது அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இன்னமும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றும்போது அதே நினைப்புதான். தாமதமாக வந்துவிட்டேனோ, நாலு நாளைக்கு முன்பே வந்திருக்க வேண்டுமோ என்று. நாளை பரமத்தி வேலூருக்குப் போக வேண்டும். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், ஆறாம் மாதம். சிகிச்சை முடிந்து தெளிவாகப் போனவர். நன்றாகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். அதனால்தான் முதல் பஸ்ஸிலேயே போகிறேன்.