பூவுக்கு எல்லாரும் ஆமென் போட்டார்கள்

அன்பு மகள் அபிகேலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் இன்னும் மனம் திரும்பவில்லை. மெல்பர்ன் குளிரில் நீயும் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவாள், அதனால் இது மின்னஞ்சலில் வருகிறது.

உன் குழுவில் ஸைஃப் என்ற பையன் புராஜெக்ட்டுக்காக ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை, வெள்ளிக்கிழமை ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும்போது அவனுக்குப் பூஜ்யம் போட்டால் அந்தப் பாடத்தில் தேறவே மாட்டான், போடலாமா என்று கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். பல்கலைக்கழகத்தில் என் குழுவில் லியோனல் இருந்தான். முழு அறிக்கையையும் நான் எழுதினேன், அவன் கேண்டீனில் உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்தான், இருவருக்கும் ஒரே மதிப்பெண். இன்றுவரை மன்னிக்கவில்லை, பூசையில் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவன் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்துத்தான் உட்காருகிறேன். அவன்தான் இந்த வருடம் நம் கோயில் மாதா திருநாள் குழுவுக்குத் தலைவர். அதனால் நான் ஒரு சின்ன வேலை செய்தேன். மாதாவின் சப்பரத்துக்குப் பூ ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று குழு வாட்ஸ்அப்பில் போட்டேன், யார் கொடுக்க வேண்டும் என்று வேண்டுமென்றே எழுதவில்லை. தலைவர் மறப்பார், எல்லார் முன்னும் விழிப்பார், நான் ஓரமாக நின்று ரசிக்கலாம் என்று நினைப்பு. நம் ஆட்கள் எதைப் பார்த்தாலும் ஆமென் போடுகிறவர்கள் அல்லவா, வரிசையாக ஆமென் வந்து விழுந்தது. மிரண்டா ஆன்ட்டி கைகூப்பும் படத்தோடு போட்டார். உன் அம்மாவும் போட்டாள். திருநாளன்று சப்பரத்தில் ஒற்றை ரோஜாகூட இல்லை.

லியோனல் வந்து பார்த்தான், யார்மேலும் பாயவில்லை. பஃபலோ ரோட்டுப் பூக்கடைகளுக்கு ஓடி, கடை கடையாகக் கெஞ்சி, கார் நிறைய மல்லிகையும் சாமந்தியும் கொண்டுவந்து தானே கட்ட உட்கார்ந்தான். ரசிக்க நின்ற என் கையில் நூலைக் கொடுத்து, "டேய் லாசரஸ், பூ வாங்கிட்டு வாடான்னு பேர் சொல்லிக் கேட்டிருந்தா நேத்தே வாங்கிருப்பேன்லா. அப்பவும் நீ இப்படித்தான், ஒரு பக்கம் எழுதிக் கொடுடான்னு ஒரு நாளாவது என்னைக் கேட்டியா?" என்றான். அம்மா சிரித்த சிரிப்பு ஃபேரர் பார்க் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். அவன் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, தே தாரிக் குடித்தது குடித்ததுதான். ஆனால் நீ என் மகள் என்பதால் ஒரு சந்தேகம். இந்தப் பகுதி உன்னுடையது, வியாழனுக்குள் வேண்டும் என்று ஸைஃபிடம் பெயர் சொல்லிக் கேட்டாயா, இல்லை பொதுவாகப் போட்டுவிட்டு ஓரமாக நிற்கிறாயா? நாளைக்கே கேள். அதற்குப் பிறகும் செய்யாவிட்டால் தாராளமாகப் பூஜ்யம் போடு, நானே ஜெபம் சொல்லி அனுப்புகிறேன்.

இந்த ஞாயிறு லியோனல் நம் வீட்டில் சாப்பிடுகிறான், அம்மாவின் ஏற்பாடு. மீன் தலைக் கறி வைப்பது லாசரஸ் என்று பெயர் போட்டே குழுவில் அனுப்பிவிட்டாள், தப்ப வழியில்லை.

மாதா உன் கூடவே இருப்பாராக. விட்டமின் மாத்திரையை மறக்காதே. இதற்கும் ஆமென் என்று மட்டும் பதில் போட்டுவிடாதே, கேட்டாயா, ஸைஃப் என்ன சொன்னான் என்று எழுது.

உன் அப்பா,
லாசரஸ்