பன்னிரண்டு வசவுகளும் ஒரு குளிர் அறையும்

ஜனவரி 8, திங்கள்

பெல்கோர் நகராட்சியில் அச்சு இயந்திரத்துக்குள் சிக்கிய காகிதத்தை எடுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த ஒரே தகுதிக்காக என்னைப் பருவநிலை எழுத்தர் ஆக்கிவிட்டார்கள். சம்பளம் ஏறவில்லை, வேலை மட்டும் ஏறியது. ஆனாலும் இன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

நகராட்சிகள் பல கூடிப் புகையைக் குறைக்கவும் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கவும் போட்டிருக்கும் ஒப்பந்தத்தில் நாங்களும் சேரப்போகிறோம். ஐம்பதாயிரம் பேர் இல்லாத ஊருக்குத் தனியாக இடம் கிடையாதாம். எங்கள் ஊரில் முப்பதாயிரம், பக்கத்து ஊர் சிஞ்சுவில் இருபத்திரண்டாயிரம். சேர்ந்து விண்ணப்பித்தால் கிடைக்கப்போவது இரண்டு ஊருக்கும் பொதுவான சந்தைத் திடலில் ஒரு குளிர் அறை. கூரை முழுக்கச் சூரியத் தகடு. ஒரு பக்கம் எங்கள் மீன், மறு பக்கம் அவர்கள் பால்.

இரண்டு மன்றங்களும் இன்று சிஞ்சுவில் கூடின. நாங்கள் செரேர் இனம், அவர்கள் துக்குலோர் இனம், பரம்பரைக் கேலி உறவு. கேட்க வேண்டுமா! உட்கார்ந்ததுமே சிஞ்சு மேயர் யெரோ வான் ஆரம்பித்துவிட்டார். "குளிர் அறைக்கு வெளியில பூட்டு வைங்க. உள்ள விட்டா பெல்கோர்க்காரன் மீனை உறைஞ்சபடியே தின்னுடுவான். நம்ம அடிமைங்கதான், ஆனா வயிறு யாருக்கும் அடிமை இல்லை."

எங்கள் மேயரம்மா தெல்லா பகும் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பதில் சொன்னார். "இவருக்குப் பூட்டைப் பத்திக் கவலை இல்லை. பாலைக் குளிர வெச்சா பாதி ஐஸா மேல மிதக்குமே, ஊத்தின தண்ணி எவ்வளவுன்னு ஊருக்கே தெரிஞ்சுடுமேன்னு பயம்."

சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. ஒரு மணி நேரத்தில் இடம், பங்கு, காவல் எல்லாம் முடிவாகிவிட்டது. இவ்வளவு சுமுகமான கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

ஜனவரி 9, செவ்வாய்

கூட்டக் குறிப்பைத் தலைநகரில் உள்ள திட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். 'இரு ஊர்களுக்கும் இடையிலான உறவைச் சான்றுடன் விவரிக்கவும்' என்று படிவத்தில் ஒரு கட்டம். இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும் என்று கூட்டத்தில் விழுந்த பதினோரு வசவுகளையும் வரிக்கு வரி எழுதினேன். சிஞ்சு எழுத்தர் ஹமாதி தொலைபேசியில், தான் என்னை 'மீன்வாடை' என்றதையும் சேர்க்கச் சொன்னான். சேர்த்தேன். பன்னிரண்டு.

ஜனவரி 22, திங்கள்

ஐயோ. ஐயோ. ஐயோ.

கடிதம் வந்துவிட்டது. மேயரம்மா அதை என் கையிலேயே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். 'இரு சமூகங்களுக்கிடையே ஆழ்ந்த பகைமை நிலவுவது தங்கள் குறிப்பிலிருந்தே தெரிகிறது. அடிமை என்ற சொல் நான்கு முறை வந்துள்ளது. விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது.' பகைமையா? எங்களுக்கா? செரேரும் துக்குலோரும் ஒருவரை ஒருவர் அடிமை என்று வைகிற இந்தக் கேலி முறை பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இருக்கிறது, எவ்வளவு வைதாலும் கோபப்படக்கூடாது என்பதுதான் சட்டமே. வையாமல் விட்டால்தான் வருத்தம். இதைக்கூடவா ஒருவருக்குச் சொல்லித் தர வேண்டும்?

சொல்லித் தந்திருக்க வேண்டும்தான். கட்டத்தில் இடம் இருந்தது. எனக்குத் தோன்றவே இல்லை. என்னையே திட்டிக்கொள்கிறேன்: அறிவு இருக்கா உனக்கு, திபோர்? தண்ணி ஈரமா இருக்கும்னு யாராவது எழுதுவாங்களான்னு விட்டுட்டியே.

மேயரம்மா திட்டியிருந்தால் தேவலை. வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது நடக்கவில்லை என்றால் சந்தையில் முகத்தைக் காட்ட முடியாது என்றார். தன் முகத்தைச் சொன்னாரா, என் முகத்தையா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஜனவரி 24, புதன்

சந்தை. என் அக்கா சிகா விடிவதற்கு முன்பே கழிமுகத்துக்குப் போய் மீன் எடுத்து வருகிறாள். ஐஸ் வருவது டீசல் இயந்திரத்திலிருந்து, நாற்பது கிலோமீட்டர் லாரிப் பயணத்தில், புகையும் தண்ணீருமாக. நடுப்பகலில் மீனின் கண் கலங்க ஆரம்பிக்கிறது. மூன்று மணிக்கு யார் என்ன கேட்டாலும் கொடுக்கிறாள். ஐந்து மணிக்குக் கருவாட்டுக்கும் ஆகாததைப் பள்ளத்தில் கொட்டுகிறாள். பதினேழு வருஷமாக அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குளிர் அறை எப்போது வரும் என்று கேட்டாள். தானும் சிஞ்சுப் பால்காரிகளும் உள்ளே யாருக்கு எந்தத் தட்டு என்று இப்போதே சண்டை பிடித்தாயிற்றாம், மேல் தட்டை இவள் ஜெயித்துவிட்டாளாம். நான் "சீக்கிரம்" என்றேன். பொய் சொன்ன வாயோடு அவள் தந்த வறுத்த மீனையும் தின்றேன்.

ஜனவரி 29, திங்கள்

ஒரு வாய்ப்பு! தலைநகரிலிருந்து அனெலீஸ் என்ற அம்மாள் நேரில் பார்க்க வருகிறாராம். பிப்ரவரி 6, எங்கள் நகராட்சிக் கூடம். அவர் முன்னால் இரு மன்றங்களும் கை தூக்கி ஒப்புக்கொண்டால் விண்ணப்பம் பிழைக்கும். தூக்காவிட்டால் அடுத்த சுற்று மூன்று வருஷம் கழித்து.

திட்ட அலுவலகத்திலிருந்து பேசியவர் ஒரே ஒரு அறிவுரை சொன்னார். மரியாதையாகப் பேசுங்கள், ஒரு வசவுகூட வரக்கூடாது. அதை நானும் ஹமாதியும் இரண்டு மேயர்களிடமும் சொன்னோம். இருவரும் தலையாட்டினார்கள். உறுப்பினர்களிடம் சொல்ல வேண்டாம், உளறிவிடுவார்கள் என்று மேயரம்மா சொல்லிவிட்டார்.

பழகிப் பார்க்கலாம் என்று ஹமாதி தொலைபேசியில் என்னை "மதிப்புக்குரிய அம்மணி" என்றான். யாரோ அந்நியன் பேசுவது போல இருந்தது. நிறுத்துடா பால்காரா என்றேன். அவனும் பெருமூச்சு விட்டான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை பத்து மணி. அனெலீஸ் அம்மாள் நடுவில், மடியில் நோட்டு. ஒரு பக்கம் எங்கள் உறுப்பினர்கள் பதினைந்து பேர், மறு பக்கம் அவர்கள் பதினைந்து பேர். யெரோ வான் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளை அங்கியில் எழுந்தார். எல்லோரும் அப்போதே சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர், "மாண்புமிகு பெல்கோர் மேயர் அவர்களே, உங்கள் விருந்தோம்பலுக்கு எங்கள் பணிவான நன்றி" என்றார்.

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

மேயரம்மா எழுந்து, சிஞ்சுவின் மதிப்பிற்குரிய மக்கள் என்று ஆரம்பித்தார். 'மதிப்பிற்குரிய' என்றதும் எங்கள் பக்கத்து உறுப்பினர் ஒருவர் ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு 'தயவுசெய்து'வுக்கும் இரண்டு பக்கமும் நாற்காலிகள் அரை அங்குலம் பின்னால் நகர்ந்தன. சிஞ்சு உறுப்பினர் ஒருவர் குனிந்து, "யார் செத்துட்டாங்க?" என்று ஹமாதியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அனெலீஸ் அம்மாள் மட்டும் நிம்மதியாகப் புன்னகைத்தபடி பக்கம் பக்கமாக எழுதினார்.

ஒரு மணி நேரம் இப்படியே போனது. ஒப்புதல் அளிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் மேயரம்மா. ஒரு கை எழவில்லை. முப்பது பேரும் மடியைப் பார்த்தார்கள். அனெலீஸ் அம்மாளின் பேனா நின்றது.

சிஞ்சு பக்கம் மாட்டு வியாபாரி தெம்பா எழுந்தார். நல்ல மனிதர். "எங்க மேயருக்கும் உங்க மேயருக்கும் என்னமோ பெரிசா நடந்திருக்கு. எங்ககிட்ட மறைக்கிறீங்க. இவ்வளவு மரியாதையா பேசிக்கிறவங்களோட ஒரே கூரைக்குக் கீழ பாலை வைக்க எனக்குத் தைரியம் இல்லை." எங்கள் பக்கத்தில் ஆமாம் ஆமாம் என்றார்கள். இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள்.

செய்வினை பட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள் இரண்டு மேயர்களும். வாயைத் திறந்தால் விண்ணப்பம் போகும், திறக்காவிட்டால் ஊரே போகும். நான் குறிப்பெடுக்க வந்தவள், பேச எனக்கு உரிமை கிடையாது. அக்காவின் பள்ளம்தான் கண் முன்னால் வந்தது. போச்சு, இன்னும் மூணு வருஷம் அதுல கொட்டப்போறா. என்னாலதான். எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

"மேயர் ஐயா," என்றேன் யெரோ வானைப் பார்த்து. "ஒரு மணி நேரமா பார்த்துட்டே இருக்கேன். எங்க வீட்டு அடிமைக்கு இவ்வளவு வெள்ளையா அங்கி யார் கொடுத்தது? திருப்பிக் கொடுத்துட்டு வாங்க, அப்புறம் கூட்டம் நடத்தலாம்."

யெரோ வான் என்னையே பார்த்தார். மெதுவாக மார்பில் கை வைத்தார். "அல்லாவுக்கு நன்றி," என்றார். "வாயை மூடி மூடி எனக்கு வயித்துவலியே வந்துடுச்சு. அம்மா மீன்வாடை, இந்த அங்கி உங்க மேயரோட ஜன்னல் திரை. பசியில நீங்க திரையைத் தின்னுடுவீங்களேன்னு நான்தான் காப்பாத்தி வெச்சிருக்கேன்."

அணை உடைந்தது. தெம்பா அழுதுகொண்டே சிரித்தார். எங்கள் மேயரம்மா, அடக்கிவைத்திருந்த ஒரு மணி நேர வசவையும் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார். செருப்பு தேடியவர்கள் சிஞ்சுக்காரர்களை அதே செருப்பைக் காட்டி மிரட்டினார்கள். அந்தக் கூச்சலில் யார் சொன்னார்கள் என்றுகூடத் தெரியாமல் முப்பது கைகளும் மேலே இருந்தன. யெரோ வான் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். ஒன்றைத்தான் எண்ணினேன்.

அனெலீஸ் அம்மாள் வெளுத்துப்போயிருந்தார். ஹமாதி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் ஒரு மணி நேரம்தான் சண்டை, இப்போது நடப்பதுதான் சமாதானம் என்று பொறுமையாக விளக்கினான். அவர் நோட்டைப் புரட்டி, எழுதிய ஏழு பக்கத்தையும் குறுக்கே அடித்தார். பிறகு, "அப்ப அந்தப் பன்னிரண்டும்?" என்று கேட்டார்.

"நற்சான்றிதழ், அம்மா," என்றான் ஹமாதி.

பிப்ரவரி 7, புதன்

தொண்டை கட்டிவிட்டது. சந்தையில் சிஞ்சுப் பால்காரிகள் என்னைக் கூப்பிட்டு வைகிறார்கள், பதில் சொல்லக் குரல் இல்லை. அநியாயம்.

மார்ச் 2, வெள்ளி

ஒப்புதல் வந்துவிட்டது! மேயரம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கிவிட்டார். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒரே நிபந்தனை: கேலி முறை பற்றி இரண்டு பக்க விளக்கம் எழுதித் தர வேண்டும், ஒப்பந்தத்தில் உள்ள மற்ற ஊர்களுக்கும் அனுப்புவார்களாம். நானும் ஹமாதியும் சேர்ந்து எழுத வேண்டுமாம். இரண்டு பக்கத்துக்கு மூன்று மாதம் ஆகும் என்கிறான் அவன். எதற்கு மூன்று மாதம் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 13, வெள்ளி

மழை. சுவர் எழும்பி நிற்கிறது, கூரை இல்லை. கொத்தனார்கள் பாதி செரேர், பாதி துக்குலோர். வேலையைவிட வசவு அதிகம் என்று மேற்பார்வையாளர் புகார். மேயரம்மா அதைக் கோப்பில் 'பணி திருப்திகரம்' என்று பதியச் சொன்னார்.

நவம்பர் 8, வியாழன்

குளிர் அறை நேற்றுச் சந்தையன்று ஓட ஆரம்பித்தது. யெரோ வான் உள்ளே போய்ப் பால் குடங்களில் ஐஸ் மிதக்கிறதா என்று எல்லோர் முன்னாலும் எட்டிப் பார்த்தார். அக்கா மூன்று மணிக்கு விலை இறக்கவில்லை. விற்காமல் மிஞ்சிய இரண்டு கூடையை மேல் தட்டில் வைத்துவிட்டு, நான்கு தடவை திரும்பிப் போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். ஐந்தாம் தடவை பால்காரிகள் அவளை விரட்டிவிட்டார்கள்.

இன்று காலை அதே மீனை நேற்றைய விலைக்கே விற்று முடித்தாள். பள்ளத்துப் பக்கம் போகவே இல்லை. பன்னிரண்டரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்தில் நின்றாள்.

ஹமாதி வந்திருக்கிறான். அடிமை வீட்டுக்கு வர அனுமதி எதற்கு என்று சொல்லிக்கொண்டு, அடுப்பருகே மூன்றாம் சுற்றுத் தேநீரைக் கொதிக்க வைக்கிறான். சத்தம் போடாதே என்று சைகை காட்டினேன். அக்கா பாயில் படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். மத்தியானத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.