அஞ்சுக்கு அஞ்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

தாம்பரத்துல நான் சுகம். உங்க மூட்டுவலி தேவலையா?

சர்வே வேலைதான் ஓடுது. தண்ணி, ரோடு, சாக்கடைக்கெல்லாம் அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்கன்னு வீடு வீடா கேக்குறேன். நேத்து அனகாபுத்தூர்ல புஷ்பம்னு ஒரு அக்கா, தண்ணி லாரி வராததால குழாய்த் தண்ணியையே குடிக்கக் கொடுத்தாங்க. சாக்கடை நாத்தம். அவங்களும் அதைத்தான் குடிக்கிறாங்க, மறுக்க முடியலை. மார்க் கேட்டா, "அஞ்சே போட்டுக்கோம்மா. கொறச்சு சொன்னா, எப்பவாச்சும் வந்துகினு கீற லாரியும் நின்னுபூடும்"னாங்க. தெரு முழுக்க அதே பயம், அதே அஞ்சு. என்ன பிழைப்போ இது!

வயிறு லேசா படுத்துது, பயப்படாதீங்க. ஓமம் அனுப்புங்க. கூடவே நீங்க கட்டின பழைய சேலை ஒண்ணு, துவைக்காம.

பஸ் வந்துட்டுது. நான் எப்படி இருக்கேன்னு அப்பா கேட்டா, அஞ்சுன்னு சொல்லிடுங்க.

எப்சிபா